நிலைக்கதவை ஒட்டி ஒரு கேள்விக்குறி

எங்கள் வீட்டு நிலைக்கதவை ஒட்டிய சுவரில், கை எட்டும் உயரத்தில், ஒரு பூரி அளவு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் படவில்லை. வீடு முழுக்க இப்போது வெளிர் மஞ்சள். அந்த இடத்தில் மட்டும் பழைய பச்சை, பச்சையின் நடுவே நீலத்தில் ஒரு கேள்விக்குறி. துணியில் வெட்டுக்கோடு போட டெய்லர்கள் வைத்திருக்கும் தட்டையான சாக்கால் வரைந்தது. மெழுகு கலந்த சாக் என்பதால் இத்தனை வருடத்தில் மங்கியிருக்கிறதே தவிர அழியவில்லை. போன பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் அதைச் சுரண்டப் போனார். உள்ளேயிருந்து வந்த அப்பா, "அது கெடக்கட்டும்ப்பா, சுத்தி அடி" என்றார். பெயிண்டர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அதை வரைந்தது என் மதினி. அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு தளவாய்புரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு வந்தவர். வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கும் ஊர் தளவாய்புரம். சீர் வரிசையில் கட்டில் பீரோவுக்கு முன்னால் அவருடைய மோட்டார் மிஷின்தான் வண்டியிலிருந்து இறங்கியது. முன்னறையில் ஜன்னலோரம் அதைப் போட்டுக்கொண்டார். வெட்டிய துணி பண்டலாக வரும். தைத்து அடுக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் தெருவில் இன்னும் ஏழு பெண்கள் அவர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். எதிர்வீட்டு அக்கா உட்பட. அந்த அக்கா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார். மதியம் இரண்டு மணிக்கு எங்கள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு மிஷின் சத்தம் கேட்கும். மதினி அதிகம் பேசமாட்டார். பாதி நேரம் உதட்டில் நூல் இருக்கும். பேசுவதற்காக நூலை எடுத்தார் என்றால், அது முக்கியமான பேச்சு என்று எங்களுக்குத் தெரியும்.

தெரு முனையில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. சிமெண்டுத் தொட்டி, நான்கு பக்கமும் குழாய், முகப்பில் திறப்புவிழாக் கல். கல்லில் அந்தக் காலத்துக் கவுன்சிலர் பெயரும், அப்பாவின் கட்சிச் சின்னமும். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு அதில் யாரும் தண்ணீர் விடவில்லை. உள்ளே அரசமரக் கன்று முளைத்திருந்தது. தெருவுக்குள் திரும்புகிற இடத்தில் சரியாகப் பாதி வழியை அது பிடித்துக்கொண்டு நின்றது. பைக் போகும், ஆட்டோ நெளிந்து போகும். பண்டல் கொண்டு வரும் வேன் திரும்பாது. மெயின் ரோட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டுப் போவான் டிரைவர். பெண்கள் இடுப்பிலும் தலையிலுமாகச் சுமந்து வருவார்கள். மழை வந்தால் துணி நனையும். நனைந்த துணியில் சாயம் இறங்கினால் பண்டல் முழுக்கத் திரும்பிப் போகும். அந்த ஐப்பசியில் அப்படி இரண்டு முறை ஆனது. வேலை கொடுத்த முதலாளி மதினியிடம் பொறுமையாகத்தான் சொன்னார்: "ஒன் தையல்ல குத்தம் இல்லம்மா. வண்டி வாசலுக்கு வந்தாத்தான் எனக்கு ஆகும். இல்லன்னா சித்திரை கழிஞ்சு வேற ஊருல குடுத்துருவேன்." எட்டு வீட்டு மிஷினும் நிற்கப்போகிறது என்பதுதான் அதன் பொருள்.

தொட்டியை இடிக்கச் சொல்லி யாரும் வாய் திறக்க முடியாது. ஒரு கட்சிக்கு அது தாங்கள் கட்டியது. இன்னொரு கட்சிக்கு, தொட்டால் எதிராளிக்கு அனுதாப ஓட்டு விழுந்துவிடும் என்ற பயம். எங்கள் வீட்டில் அது இன்னும் சிக்கல். இளவட்டமாக இருந்த காலத்தில் அந்தத் தொட்டிக்கு மணல் சுமந்தவர்களில் அப்பாவும் ஒருவர்.

அந்தச் சமயத்தில்தான் நகர்மன்றத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பா கட்சியில் கம்பிக்கடைக்காரரின் மனைவி நின்றார். எதிர்க்கட்சியில் ரைஸ்மில்காரரின் மனைவி. நான் தினமும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவள். அங்கே ஒரு பால் நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வழியெங்கும் பார்த்த போஸ்டர்களில் இரண்டு கணவர்களும் ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி நின்றார்கள். வேட்பாளர்கள் மூலையில், ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதுபோல, சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு. வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வந்ததும் கணவர்கள்தான். மனைவிகள் பின்னால் தட்டோடு வருவார்கள். யாராவது குங்குமம் வைத்துவிட்டால் குனிந்து வாங்கிக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்தில் கட்சிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பூத் சிலிப் கொடுக்க வருகிற பையன்களுக்குத் தெரிவதற்காக, நிச்சயமான வீட்டுச் சுவரில் சாக்பீஸால் எண்ணிக்கை எழுதி டிக் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு அந்த வேலையே கிடையாது. அப்பாவின் பால்ய சிநேகிதரான பூத் ஏஜெண்ட் மாமா வருவார், காப்பி குடிப்பார், அப்பா விரலைக் காட்டுவார், அவர் எழுதுவார். அம்மாவிடமோ அண்ணனிடமோ என்னிடமோ யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்காதது எங்களுக்கும் ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

அந்த முறையும் மாமா வந்தார். சாயங்காலம், நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "மருமக வந்ததுல ஒண்ணு கூடிருச்சு. அஞ்சு. போட்டுருவமா?" என்றார். அப்பா ஐந்து விரலையும் விரித்தார். உள்ளே மிஷின் சத்தம் நின்றது. மதினி உதட்டிலிருந்து நூலை எடுத்து அப்பாவிடம் சொன்னார்.

"மாமா, நாலுன்னு போடச் சொல்லுங்க. எனக்கு இன்னும் முடிவாகல."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஏஜெண்ட் மாமா முதலில் சிரித்தார். "ஏம்மா, மாப்பிள்ள சட்டையா தைக்கிற, அளவு பாத்துச் சொல்ல?"

"கேக்குறதுக்கு ஒண்ணு இருக்கு, மாமா. பதில் வரட்டும். பொறவு சொல்லுதேன்."

"என்ன கேக்கணும்? எங்கிட்ட கேளு."

"தொட்டிய எடுப்பியளா, மாட்டியளா?"

மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் நான்கு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் விழுந்த முதல் கேள்விக்குறி அதுதான். அவர் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டார்.

அப்பா சத்தம் போடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, மிஷினைப் பார்த்துப் பேசுவதுபோலச் சொன்னார்: "அந்தத் தொட்டி வாரதுக்கு முன்னால ஒங்க அத்த எம்புட்டு தூரம் கொடத்தத் தூக்கிட்டு நடந்தான்னு கேளு."

"கேட்டுருக்கேன் மாமா. அத்தை சொல்லிருக்காக. அன்னைக்கு அவிய தலையில கொடம். இன்னைக்கு எங்க தலையில பண்டலு. அன்னைக்கு நீங்க மண்ணு சொமந்து அத எறக்குனீக. இத யாரு எறக்க?"

 அதன் பிறகு பல நாள் மதினியோடு அப்பா பேசவே இல்லை. பரிமாறினால் சாப்பிடுவார். போதும் என்பதைக் கையால் காட்டுவார். அண்ணன்தான் நடுவில் கிடந்து தவித்தான். ஒருநாள் மிஷினுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினான். "ஏட்டி, உள்ள போயி நீ யாருக்கு வேணா அமுக்கு. எவன் பாக்கப் போறான்? வெளிய அஞ்சுன்னு சொல்லிட்டுப் போயேன்."

"சொல்லிட்டா பொறவு யாரு வருவா இங்க?" என்றார் மதினி.

எனக்கு எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் தெளியும். அந்த வாரம் டீ இடைவேளையில் பால் சாம்பிள் லேபிளின் பின்பக்கத்தில், கடைசிவரை முடிவெடுக்காதவர்கள் யார் யார் என்று எழுதினேன். ஒன்று, விவரம் தெரியாதவர்கள். இரண்டு, அக்கறை இல்லாதவர்கள். மூன்று, பயத்தில் வெளியே சொல்லாதவர்கள். நான்கு, யாராவது ஏதாவது கொடுக்கட்டும் என்று காத்திருப்பவர்கள். டிவியில் பேசுகிறவர்கள் சொல்கிற எல்லாமும் இதற்குள் அடங்கிவிட்டன. மதினியை எதில் போடுவது என்று பார்த்தேன். வார்டில் எத்தனை தெரு, தொட்டி யார் பொறுப்பில் வருகிறது, எங்கே மனுக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அக்கறை, வீட்டில் எல்லோரையும்விட அதிகம். பயமா, அது அண்ணனுக்குத்தான்.

நான்காவதில் போடப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு ஓட்டு இழுபறி என்ற செய்தி ரைஸ்மில்காரர் காதுக்குப் போய், அங்கிருந்து ஒருவர் ஹாட் பாக்ஸோடு வந்து நின்றார். மதினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா எங்கிட்ட ரெண்டு கெடக்கு. தொட்டிய எடுப்பியளா?"

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "தாயி, அது அவுக கட்டுனது. நாங்க கைய வச்சா ஒங்க மாமனாரே ரோட்டுல படுத்துருவாரு."

"அப்ப இதக் கொண்டு போயி அவருக்குக் குடுங்க. படுத்துருக்கும்போது பசிக்கும்லா."

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று தெலுங்கில் ஏதோ சொன்னார். கோபமில்லாமல் அவர் தெலுங்கில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்; கூடவே ஒரு சிரிப்பும் வந்தது.

மறுநாள் மதியம் எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டு எதிர்வீட்டில் கூடினார்கள். திரும்பி வந்த மதினி கையில் நீலச் சாக். முதலில் எங்கள் வீட்டுச் சுவரில், அம்மா துடைத்த இடத்திலேயே, அழுத்தமாக ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்தது, எதிர் வரிசை. கழுத்து வளைவு வரைந்து பழகிய கை. எல்லாம் ஒரே அச்சாக இருந்தன. தைக்கிற எட்டு வீட்டிலும் போட்டு முடித்தார்கள். மிஷின் இல்லாத வீட்டுக்காரர்கள் சிலர், எங்களுக்கும் ஒன்று போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் நான் வந்தபோது, தெரு முழுக்க வீடுகள் என்னைப் பார்த்து எதையோ கேட்பதுபோல் இருந்தது.

அன்று மதினியிடம் கேட்டேன். "மதினி, நெசமாவே முடிவு பண்ணலியா? இல்ல, அவங்கள வரவைக்க இப்படிச் சொல்லுதீங்களா?"

அவர் ஊசியில் நூலைக் கோத்து முடித்தார். "மனசுல ஒருத்தர வச்சிக்கிட்டு இல்லன்னு சொன்னா அது நடிப்பு. எனக்கு நெசமாவே தெரியல. ரெண்டு அண்ணாச்சியும் வந்து பேசிட்டாக. நிக்கிறது அண்ணாச்சியா? அந்த ரெண்டு அக்காவும் வாயத் தொறந்து நான் கேக்கவே இல்லியே. கொரலே கேக்காத ஆளுக்கு எப்படி ஓட்டுப் போட?"

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பழைய சோதனை உண்டு. சாம்பிள் பாலில் நீலச் சாயம் கலந்து வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாலில் கிருமி அதிகமென்றால் நீலம் சீக்கிரம் வெளுத்துவிடும். நெடுநேரம் நீலமாகவே நிற்பதுதான் நல்ல பால். புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது, எதுவுமே நடக்காத அந்தச் சோதனைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு அலுப்பாக இருக்கும். அந்த வாரம் அலுக்கவில்லை.

தெரு முழுக்கக் கேள்விக்குறி விழுந்தது இரண்டு தரப்பையும் கலக்கிவிட்டது. பிரச்சாரம் முடிவதற்குச் சில நாட்களே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சாய்ந்திருக்கும் நேரம், கம்பிக்கடை அக்கா தனியாக வந்தார். தட்டு இல்லை, துண்டு இல்லை, மேளம் இல்லை. நேராகத் தொட்டியடிக்குப் போய், அதைச் சுற்றி வந்து, சுவரில் கைவைத்துப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடு தாயி" என்று வாங்கிக் குடித்தார். பிறகு மதினியின் மிஷினுக்கு எதிரே, கட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது நான் வந்தது. மைக்ல பேசச் சொன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும். இங்க பேசலாம்லா?"

"தாராளமாப் பேசுங்க அக்கா. ஒங்க கொரலத்தான் கேக்கணும்னு கெடக்கோம்."

அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். விழித்துத்தான் இருந்தார் என்பது கைவிசிறிச் சத்தத்தில் தெரிந்தது. அந்த அக்கா அதைக் கேட்டாரோ என்னவோ, சற்று உரக்கவே பேசினார். "நான் ஜெயிச்சா தொட்டிய எடுக்கச் சொல்லி எழுதிக் குடுப்பேன். அது உறுதி. ஆனா அந்தக் கல்ல ஒடைக்க விட மாட்டேன். அதுக்கு மண்ணு சொமந்தவுக இந்தத் தெருவுல இருக்காக. கல்ல அவுக கையில குடுத்துரணும்."

விசிறிச் சத்தம் நின்றது.

கம்பிக்கடை அக்கா வந்துபோன செய்தி ரைஸ்மில் வரைக்கும் போக அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் காலையிலேயே ரைஸ்மில் அக்கா வந்துவிட்டார். அவருக்கு நாக்கு ஒட்டுகிற பிரச்சினையே கிடையாது. "எங்க வீட்டு அண்ணாச்சிதான் என்னைய பேச விடலடி, நான் என்ன ஊமையா?" என்று ஆரம்பித்து, தொட்டியை எடுத்துவிட்டு முனையில் விளக்குக் கம்பம் போடுகிற வரைக்கும் திட்டம் சொன்னார். எங்கே கம்பம் வரவேண்டும் என்று எதிர்வீட்டு அக்காவோடு ஒரு சண்டையும் போட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணன் நிம்மதியாகக் கேட்டான். "அப்புறம் என்ன, ரெண்டு பேரும் வந்து பதில் சொல்லியாச்சு. இப்பவாச்சும் முடிவாகிருச்சா?"

"இப்பத்தான் ரொம்பக் கஷ்டமாப் போச்சு" என்றார் மதினி. அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால், பல நாள் கழித்து முதல்முறையாக, மதினியைப் பார்த்து வாயைத் திறந்தார்: "ரசம் ஊத்து தாயி."

ஓட்டுப் போடும் நாளன்று வரிசையில் மதினி எனக்கு முன்னால் நின்றார். உள்ளே போனவர் வெளியே வரக் கொஞ்சம் நேரமானது. மறைப்புக்குப் பின்னால் அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சேலைக் கீழ்விளிம்பும், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்ற பாதங்களும் மட்டும் தெரிந்தன. அப்புறம் பீப் சத்தம் கேட்டது. வெளியே வந்ததும் நான் கண்ணால் கேட்டேன். "போடி, அது எனக்கும் மிஷினுக்கும் உள்ளது" என்றார். இத்தனை வருடத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

ஜெயித்தவர் ரைஸ்மில் அக்கா. வித்தியாசம் குறைவுதான். சொன்னதைச் செய்தார், சித்திரை பிறப்பதற்குள் தொட்டியை எடுக்க ஜேசிபி வந்தது. கல்லை முதலில் ஆட்களை வைத்துக் கையால் பெயர்த்து எடுக்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். தோற்ற கம்பிக்கடை அக்கா, தன் கடைக் கடப்பாரையோடு வேலையாள் ஒருவரை அனுப்பியதோடு நிற்காமல் தானும் வந்து நின்றார். இரண்டு பேரும் அடுத்தடுத்து நின்று பேசிக்கொண்டிருந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. கணவர்கள் இருவரும் வரவில்லை. தொட்டி விழுந்தபோது அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். தூசியும் இருந்தது.

கல் இப்போதும் தெருமுனையில்தான் இருக்கிறது. இரண்டு கட்டைச் சுவர் எழுப்பி அதன்மேல் படுக்கவைத்திருக்கிறோம். எழுத்து மேலே தெரிய வேண்டும் என்பது அப்பாவின் ஒரே நிபந்தனை. வேன் வந்து நின்றதும் பண்டல்களை அதன்மேல்தான் இறக்கி வைக்கிறார்கள். வண்டி திரும்புகிற நேரம் அப்பா அங்கே இருந்தால், "வரலாம், வரலாம், ரைட்ல ஒடி" என்று டிரைவருக்குக் கைகாட்டுவார்.

அண்ணனுக்குத் திருப்பூரில் வேலை அமைந்ததால் மதினி இப்போது அங்கே இருக்கிறார். சொந்தமாக நான்கு மிஷின் போட்டிருக்கிறார். ஜன்னலோரத்தில் மிஷின் இருந்த இடத்தில் எங்கள் டிவி இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டில் சத்தம் நிற்கவில்லை. தெருவில் மொத்தம் பன்னிரண்டு மிஷின் ஓடுகிறது. ஓட்டு மட்டும் மதினிக்கு இன்னும் இந்த ஊரில்தான். இப்போது சட்டமன்றத் தேர்தல் வருகிறது. போன வாரம் போனில், இரண்டு பேரும் ஓட்டுப் போட வருவதாகச் சொன்னார். "யாருக்குன்னு முடிவு பண்ணியாச்சா மதினி?" என்று கேட்டேன். "வந்து பாத்துட்டுச் சொல்லுதேன். அங்க ரோடு எப்படிக் கெடக்கு?" என்றார். நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. லேபிளின் பின்பக்கம் ஐந்தாவதாக ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: பதிலுக்குக் காத்திருப்பவர்கள்.

நேற்றுச் சாயங்காலம் பூத் ஏஜெண்ட் மாமா வந்தார். முன்னைப்போல் நடக்க முடியவில்லை, கூட ஒரு ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். காப்பி குடித்தார். பழைய வழக்கத்தில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "என்னப்பா, அஞ்சும் நமக்குத்தான?" என்று சுவர்ப் பக்கம் திரும்பினார். திரும்பியவர் மஞ்சளுக்கு நடுவில் இருந்த பச்சையையும் நீலத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

அப்பா ஒரு விரலைத்தான் காட்டினார். "எனக்கு ஒண்ணு. மத்தத அவியவிய கிட்ட கேட்டுக்கோ. இந்தா, புள்ள இங்கதான் நிக்கா, கேளு."

மாமா என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒற்றை விரலையே பார்த்தார். "சரி, ஒன் ஒண்ணையாவது போட்டுக்கிடுதேன்" என்று சாக்பீஸை உயர்த்தினார்.

அப்பா விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"செத்த பொறு. அதையும் யோசிச்சுச் சொல்லுதேன்."